நூலகத்தில் குட்டிக் குழந்தைகளுக்குக் கதை நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டத்தின் சார்பில், ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாராவாரம் கதை நேரம் நடத்துகிறோம். கதை, பாட்டு, கொஞ்சம் கைவேலை. வேறு ஊர்களில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளும் நாங்கள் சொல்லும் பதில்களும் இவை.

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கதை என்ன புரியும்?

அடுத்து என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கதையின் போக்கைப் பிடித்துக்கொண்டு வரும் வயது இல்லை இது. ஆனால் குரல் ஏறுவதும் இறங்குவதும் புரியும். காக்கா படத்தைக் காட்டி "கா கா" என்றால், அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே குழந்தை "கா" என்று சொல்லும். இந்த வயதில் பேசும் சொற்களைவிடப் புரிந்துகொள்ளும் சொற்கள் எவ்வளவோ அதிகம். வாய் திறக்காத குழந்தைகூட எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இந்த வயதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். சப்பாணிப் பருவத்தில் கை கொட்டச் சொல்கிறார்கள், வருகைப் பருவத்தில் தளர்நடை போட்டு வரச் சொல்கிறார்கள், அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைக்கிறார்கள். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் தூரத்தில் இருக்கும் ஒன்றைக் காட்டிப் பேசுவது. எங்கள் கதை நேரமும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகிறது. கை தட்டி, எழுந்து நடந்து, அதற்குப் பிறகுதான் புத்தகத்துக்கு வருகிறோம்.

பெற்றோர் கட்டாயம் கூட இருக்க வேண்டுமா?

ஆமாம். இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, சித்தி என்று யாராவது ஒரு பெரியவர் ஒவ்வொரு குழந்தையோடும் தரையில் உட்கார வேண்டும். பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. வாரத்தில் அரை மணி நேரம் நாங்கள் பாடுவதால் ஒரு குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடாது. அந்தப் பாட்டைப் பாட்டி வீட்டில் குளிப்பாட்டும்போது பாடினால், அந்தப் புத்தகத்தை அப்பா ராத்திரி படுக்கையில் பிரித்தால், அப்போதுதான் அது குழந்தையிடம் போய்ச் சேரும். அதனால் நாங்கள் பாதி பெரியவர்களுக்காகத்தான் நடத்துகிறோம். எதைத் திட்டமிட்டாலும், "இதை வீட்டில் செய்ய முடியுமா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கிறோம். முடியாது என்றால் எடுத்துவிடுகிறோம்.

எத்தனை குழந்தைகளைச் சேர்க்கலாம்?

பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் போதும். ஆளுக்கொரு பெரியவர் என்றால் இருபத்தைந்து பேர் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் புத்தகத்தின் படம் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, சத்தத்திலேயே சில குழந்தைகள் மிரண்டுவிடும். கூட்டம் அதிகமாக வந்தால் ஒரே நாளில் இரண்டு முறை நடத்துங்கள். அக்கா, அண்ணன் என்று பெரிய பிள்ளைகள் கூட வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். கிரேயான் எடுத்துக் கொடுக்க, பாயை விரிக்க அவர்களைவிட நல்ல உதவியாளர்கள் கிடைக்க மாட்டார்கள்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

காலை பத்தரை மணி. காலைச் சாப்பாடு முடிந்து, மதியத் தூக்கம் வருவதற்கு முன்னால் உள்ள நேரம் அது. இந்த வயதுக் குழந்தைக்குப் பசியோ தூக்கமோ வந்துவிட்டால் எந்தக் கதையும் எடுபடாது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மனதில் வைத்து நாளை முடிவு செய்யுங்கள். ஞாயிறு என்றால் அப்பாக்கள் வருவார்கள். வார நாள் என்றால் தாத்தா பாட்டிகள் வருவார்கள். எதை எடுத்தாலும் அதே நாள், அதே நேரம் என்று தொடர்ந்து நடத்துவதுதான் முக்கியம். நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஆள் வராது.

நூலகத்தில் சத்தம் போடலாமா? நூலகர் ஒப்புக்கொள்வாரா?

நம் ஊரில் இதுதான் பெரிய கேள்வி. சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சாதாரணக் கிளை நூலகத்தில் இருப்பதோ பெரும்பாலும் ஒரே கூடம். அங்கே காலையில் செய்தித்தாள் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள். ஒரு மேசை முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் படிப்பு ஒரு குடும்பத்தின் எதிர்காலம், அதைக் கெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

அதனால் நூலகரிடம் போகும்போது வெறும் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எங்கே உட்காருவோம் (தாழ்வாரம், மாடி, பக்கத்து அறை, மர நிழல்), எத்தனை நிமிடம் சத்தம் இருக்கும், யார் கூட்டிப் பெருக்குவார்கள், இந்த மூன்றுக்கும் பதிலோடு போங்கள். வாசகர் வட்டத்தின் மூலம் கேட்டால் இன்னும் எளிது. நேரத்தை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால், படிக்க வரும் பிள்ளைகள் தங்கள் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். எங்கள் கதை நேரத்தில் சில நாட்கள் தாளம் தட்டுவதே அவர்களில் ஒருவர்தான்.

தயக்கமே வேண்டாம். இந்த மாநிலத்தில் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். இரண்டு வயதுக் குழந்தையும் அந்த நூலகத்துக்கு உரியவர்தான்.

அரை மணி நேரத்தை எப்படி ஓட்டுவது?

ஓட்ட வேண்டியதே இல்லை, போதாமல்தான் போகும். ஒரு குழந்தை ஒரே விஷயத்தில் நிலைத்திருப்பது மூன்று நான்கு நிமிடம். அதனால் எதையும் அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

எங்கள் நடைமுறை இது. முதல் ஐந்து நிமிடம் பாயில் பத்துப் பதினைந்து புத்தகங்களைப் பரப்பி வைத்துவிடுவோம். வருகிறவர்கள் அவரவர் புரட்டிக்கொண்டிருப்பார்கள், தாமதமாக வருகிறவர்களுக்கும் சங்கடம் இருக்காது. அப்புறம் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லி வரவேற்புப் பாட்டு. தொடர்ந்து மடியில் வைத்து ஆடும் பாட்டு ஒன்று, விரல் விளையாட்டு ஒன்று. பிறகு முதல் புத்தகம். உடனே எழுந்து குதிக்கிற, நடக்கிற பாட்டு. அப்புறம் புத்தகம் இல்லாமல் பொருளை வைத்துச் சொல்லும் குட்டிக் கதை. அடுத்தது புடவை விளையாட்டு. இதற்குள் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். அதன் பிறகு கைவேலை ஒரு பத்து நிமிடம், விடைபெறும் பாட்டு, அவ்வளவுதான்.

புடவை விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய காட்டன் புடவை ஒன்றின் முனைகளைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ள, குழந்தைகள் கீழே உட்காருவார்கள். பாட்டோடு புடவை மேலே போகும், கீழே வரும். காற்று முகத்தில் அடிக்கும், அம்மா முகம் மறையும், தெரியும். அதுவரை யாரோடும் ஒட்டாமல் இருந்த குழந்தைகூட இதில் சிரித்துவிடும்.

ஒரு வாரம் செய்ததை அடுத்த வாரமும் செய்யுங்கள். வரவேற்புப் பாட்டும் விடைபெறும் பாட்டும் மாறவே கூடாது. நடுவில் உள்ளவற்றில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் போதும். பெரியவர்களுக்கு அலுக்கும். குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில்தான் சந்தோஷமே.

என்னென்ன பாட்டு பாடலாம்?

நம் வீடுகளிலேயே இருப்பவற்றில் தொடங்குங்கள். கை வீசுகிற பாட்டு, சாய்ந்தாடுகிற பாட்டு, நிலாவைக் கூப்பிடுகிற பாட்டு, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து கை மேல் நண்டு ஊரச் செய்கிற விளையாட்டு எல்லாம் இந்த வயதுக்கென்றே வாய்வழியாக வந்தவை. ஊருக்கு ஊர் வரி மாறும். வரும் பாட்டிகளிடம் "உங்கள் ஊரில் எப்படிப் பாடுவீர்கள்?" என்று கேளுங்கள். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவர் அன்றைய நிகழ்ச்சியையே நடத்திக் கொடுத்துவிடுவார்.

மற்றவற்றை நீங்களே கட்டலாம். நான்கு வரி, ஒரே சொல் திரும்பத் திரும்ப வர வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு அசைவு இருக்க வேண்டும். எங்கள் வரவேற்புப் பாட்டு:

யார் வந்தாச்சு? யார் வந்தாச்சு?
யாழினி வந்தாச்சு!
கை தட்டு, கை தட்டு,
கவினும் வந்தாச்சு!

பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம். தன் பெயர் வரும்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

பொருட்களை எடுத்து வைக்கவும் ஒரு பாட்டு தேவை. சொன்னால் கேட்காத குழந்தை பாடினால் கேட்கும்:

எடுத்து வை, எடுத்து வை,
கூடைக்குள்ளே எடுத்து வை.
சிவப்பை வை, பச்சையை வை,
எல்லாம் உள்ளே எடுத்து வை.

கடைசியில் கையசைத்துக்கொண்டே "போயிட்டு வரோம், போயிட்டு வரோம், புத்தகமே போயிட்டு வரோம்" என்று ஒரு வரியை மூன்று நான்கு முறை பாடினால் போதும்.

எனக்குப் பாட வராதே?

வர வேண்டியதில்லை. சுருதி யாரும் பார்க்கப் போவதில்லை. மெதுவாகப் பாடுங்கள், அது மட்டும் போதும். பெரியவர்களின் வேகத்தில் பாடினால் குழந்தையின் கை பின்தங்கிவிடும். ஒரு வரி முடிந்து குழந்தைகள் அசைவைச் செய்து முடிக்கும்வரை காத்திருங்கள்.

ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் எளிதாக இருக்குமே? டிவியில் கதை காட்டலாமா?

வேண்டாம். ஒலிப்பதிவு யாருக்காகவும் காத்திருக்காது, நின்று குழந்தையின் பெயரைச் சொல்லாது. திரை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வீட்டில் எப்படியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நூலகத்தில் இருக்கும் நேரமாவது மனித முகத்தைப் பார்க்கட்டும்.

எப்படிப்பட்ட புத்தகம் எடுப்பது? எப்படி வாசிப்பது?

ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒன்றிரண்டு வரி. படம் பெரிதாக, பின்னணியில் கூட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். நாய், பூனை, பேருந்து, இட்லி, குடை என்று குழந்தை தினமும் பார்க்கும் பொருட்கள் வந்தால் இன்னும் நல்லது. திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று இருந்தால் அந்தப் புத்தகத்தை விடாதீர்கள். நீதி சொல்லும் கதைகளை ஐந்தாறு வயதுக்கு ஒதுக்கி வையுங்கள்.

தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்களில் சின்னக் குழந்தைகளுக்கான தமிழ்ப் படப்புத்தகங்கள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நகலெடுத்துப் பயன்படுத்த அனுமதியும் உண்டு. பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, சுருள் கம்பி போட்டுவிட்டால் வழுவழுப்பான, கிழியாத புத்தகம் தயார்.

வாசிக்கும்போது புத்தகத்தை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில், குழந்தைகளின் கண் உயரத்தில் பிடியுங்கள். அச்சிட்டிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "நாய் எங்கே? இதோ! எப்படிக் கத்தும்?" என்று பேச்சாக்குங்கள். கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தை பதிலைத் தயார் செய்யும். பாதியில் எல்லோரும் எழுந்து ஓடிவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள். முடித்தே தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஒரு நாளுக்கான மாதிரித் திட்டம் கிடைக்குமா?

ஐப்பசி மாதம், வெளியே மழை. சரி, அன்றைக்குக் கரு மழைதான். வரவேற்புப் பாட்டு முடிந்ததும் மடியில் இருக்கும் குழந்தையின் உடம்பில் பெரியவர் விரலால் தட்டிக்கொண்டே பாடும் பாட்டு:

சொட்டு சொட்டு மழை வருது,
தலையில் சொட்டு, தோளில் சொட்டு,
மூக்கு மேலே ஒரு சொட்டு,
முழங்கால் மேலே ஒரு சொட்டு.
கொட்டுது மழை, கொட்டுது மழை,
குடைக்குள்ளே வா வா வா!

கடைசி வரியில் குழந்தையை அணைத்துக்கொள்ள வேண்டும். இதை மூன்று முறை பாடுவோம். அடுத்து மழை, தவளை, குடை என்று எது கையில் இருக்கிறதோ அந்தப் புத்தகம். அப்புறம் எழுந்து, தேங்கிய தண்ணீரில் குதிப்பது போல "தளக் தளக்" என்று குதிப்பு.

குட்டிக் கதைக்கு ஒரு கறுப்புக் குடை போதும். ஒரு தாய்க்கோழி. மழை வருகிறது. "குடைக்குள் இடம் இருக்கா?" என்று குஞ்சு கேட்கிறது. "இருக்கு, வா!" அடுத்து பூனை, அடுத்து நாய், அடுத்து ஆடு, எல்லாம் அதே கேள்வியோடு வருகின்றன. "இருக்கு, வா!" என்பதை இரண்டாவது தடவையே குழந்தைகள் கூடச் சேர்ந்து சொல்வார்கள். கடைசியில் "நாங்க வரலாமா?" என்று கேட்டால் எல்லாரும் குடைக்குக் கீழே ஓடி வருவார்கள். குடைக் கம்பி கண்ணில் படாமல் உயரமாகப் பிடியுங்கள். புடவை விளையாட்டில் அன்றைக்குப் புடவைதான் மேகம். கைவேலைக்கு நீல வண்ணத்தில் விரலைத் தோய்த்துத் தாளில் சொட்டு வைப்பது.

வேறு என்ன கைவேலை செய்யலாம்?

இந்த வயதில் கைவேலை என்பது தொடுவது, பிசைவது, கிழிப்பது, ஒட்டுவது, அப்பி அழிப்பது. கடைசியில் எடுத்துக்கொண்டு போகும் பொருள் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் அம்மாக்கள்தான் செய்துகொண்டிருப்பார்கள், குழந்தை வேடிக்கை பார்க்கும். எல்லாக் குழந்தையின் தாளும் ஒரே மாதிரி இருந்தால் அது பெரியவர்கள் செய்தது என்று அர்த்தம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது காய்கறி அச்சு. முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வண்ணத்தில் தோய்த்து வைத்தால் பூ விழும். பிடிக்கக் காம்பும் இருக்கிறது. வாழை மட்டையை வெட்டி வைத்தால் கட்டம் கட்டமாக விழும். வண்ணத்துக்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சி காய்ச்சி, ஆற வைத்து, மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ கலந்துகொள்கிறோம். மஞ்சளோடு ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் சிவப்பாகும். வெற்றிலைச் சுண்ணாம்பிலும் சிவக்கும், ஆனால் அது கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள். மஞ்சள் கறை போகாது என்பதால் பழைய சட்டையில் வரச் சொல்லிவிடுங்கள்.

செய்தித்தாளைக் கிழித்துச் சார்ட்டில் ஒட்டுவது, சப்பாத்தி மாவு பிசைவது, முற்றத்துத் தரையில் தண்ணீரும் பிரஷும் கொண்டு 'பெயின்ட்' அடிப்பது எல்லாம் நன்றாக ஓடும். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் மைதாவும் கூடாது. அன்றைக்கு எல்லாருக்குமே அரிசி மாவு.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

எல்லாம் வாய்க்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டே பொருளைத் தேர்ந்தெடுங்கள். 4 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் எதுவும் வேண்டாம். மணி, பொத்தான், புளியங்கொட்டை, சோழி, தெர்மாகோல் உருண்டை எல்லாம் இதில் சேரும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் கடும் விஷம், அழகுக்காகக்கூட வைக்காதீர்கள். பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டி மூச்சை அடைக்கும். பாட்டுப் பாடும் அட்டை, மினுக்கும் விளக்கு போன்றவற்றில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். தாளத்துக்குப் பனையோலைக் கிலுகிலுப்பை மிக நல்லது, ஆனால் உள்ளே உள்ள விதை வெளியே வருமா என்று ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

குழந்தை உட்காராமல் ஓடிக்கொண்டே இருந்தால்? அழுதால்?

ஓடட்டும். ஓடுகிற குழந்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வாசல் கதவைச் சாத்தி, மேசை முனைகளில் துணி சுற்றி, ஓட இடம் விடுங்கள். அழுதால் பெரியவர் வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டு, சமாதானமானதும் திரும்ப வரலாம் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் அழுகையிலேயே அந்த அம்மா கூசிப்போய், அடுத்த வாரம் வரமாட்டார். அவர் திரும்ப வர வேண்டும், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

சத்தமும் கூட்டமும் தாங்காத குழந்தைகள் உண்டு. ஒரு மூலையில் பாய், தலையணை, நான்கைந்து புத்தகம் போட்டு வையுங்கள். அங்கிருந்தபடியே பார்க்கட்டும். மற்றக் குழந்தைகள் செய்வதைச் செய்ய வைக்க யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "இன்னும் பேசலையா?" என்று யாரையும் கேட்காதீர்கள். கவலையோடு அவர்களே கேட்டால், குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்ப வேண்டாம்.

வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகள் வந்தால்?

எங்கள் தெருக்களில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் மொழியில் ஒரு பாட்டைக் கேட்டு வாங்கி, எல்லாரும் பாடுவோம். குழந்தைக்குத் தன் அம்மாவின் பாட்டு நூலகத்தில் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்! கதையில் தமிழ் புரியாவிட்டாலும் குடையும் கோழியும் புரியும்.

சிறப்பு விருந்தினர், போட்டி, பரிசு?

தயவுசெய்து வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு முன்னால் வரவேற்புரையும் நன்றியுரையும் கூடாது. சான்றிதழ், மாறுவேடப் போட்டி எல்லாம் பெரியவர்களைப் பதற்றப்படுத்தும், அந்தப் பதற்றம் அப்படியே குழந்தைக்குப் போகும். புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால் பெற்றோரைக் கேட்டுவிட்டு, கதை முடிந்த பிறகு எடுங்கள். குழந்தையின் பெயரோடு எங்கும் போடாதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

மைதா, மஞ்சள், வெண்டைக்காய், பழைய நாளிதழ், பழைய புடவை. செலவு என்று பார்த்தால் தடித்த கிரேயானும் சார்ட் தாளும்தான். யாராவது நன்கொடை தர முன்வந்தால் பொம்மை வாங்காமல் அட்டைப் புத்தகம் வாங்கித் தரச் சொல்லுங்கள். அல்லது அவரை நூலகத்தில் புரவலராகச் சேரச் சொல்லுங்கள்.

கதை நேரம் முடிந்ததும் என்ன செய்வது?

உடனே எல்லாரையும் கிளப்பாதீர்கள். பாயில் புத்தகங்களை மறுபடி பரப்பிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். அம்மாக்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள், அதுவும் தேவைதான். அந்த நேரத்தில் உறுப்பினர் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பெரியவர் பெயரில் உறுப்பினர் அட்டை இருந்தால் போதும், குழந்தைக்கான புத்தகத்தை அதில் எடுத்துக்கொண்டு போகலாம். கிழிந்துவிடுமோ என்று பயந்து பலர் எடுக்கவே மாட்டார்கள். கிழிந்தால் ஒட்டித் தருகிறோம் என்று நாங்கள் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். செலோ டேப்பும் மைதா பசையும் எப்போதும் மேசை டிராயரில் இருக்கும்.